ட்ரையல் மாஸ்டரின் கடைவாய்ப் பல்

அவர் கடையில் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்காமல் யாரும் வாங்கிக்கொண்டு போக முடியாது. போட்டால் மட்டும் போதாது. கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கீழே விழுந்த சாவியை எடுப்பதுபோல் குனிய வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடக்கும் ஸ்டூலில் உட்கார வேண்டும். "நின்னுக்கிட்டு இருந்தா எந்தச் சட்டையும் சரியாத்தான் இருக்கும். மனுஷன் நாள் பூரா நின்னுக்கிட்டா இருக்கான்?" என்பார். அவசரத்தில் வந்த ஒருவர், "சட்டைதானே மாஸ்டர், என்னமோ பொண்ணு பாக்கற மாதிரி பண்றீங்களே" என்று அலுத்துக்கொண்டபோது, "பொண்ணுன்னா பிடிக்கலைன்னு அதுவே சொல்லிடும். சட்டை சொல்லாது. நீங்கதான் சொல்லணும்" என்றார். தெருவில் அவருக்கு ட்ரையல் மாஸ்டர் என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

அவருடைய கோபமெல்லாம் ஒரே வகை ஆட்கள்மேல்தான். ட்ரையலில் "சரியா இருக்கு மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, சில நாள் கழித்து அக்குள் பிடிக்கிறது என்று வந்து நிற்பவர்கள். "அன்னிக்கு வாயைப் பூட்டிச் சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்பார். பிரித்துத் தைத்தும் கொடுப்பார். ஆனால் அந்த ஆள்மேல் வைத்திருந்த மரியாதையில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார். எதிரே இருப்பவர் மனம் நோகக் கூடாது என்று சொல்லும் பொய் அவருக்குச் சோம்பேறித்தனத்தில் ஒரு வகை. மற்றபடி அவர் அப்படியொன்றும் விசேஷமான மனிதர் இல்லை. சொன்ன நாளில் துணி கொடுத்தார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். கத்தரிக்கோலை எங்காவது வைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்துத்தான் துண்டிப்பார். தம்பியோடு பேச உட்கார்ந்தால் தேநீர் ஆறுவதற்குள் சண்டை வந்துவிடும்.

அவருடைய கடைவாய்ப் பற்களில் ஒன்றுக்குப் பல வருஷம் முன்பு வேர் சிகிச்சை செய்திருந்தார்கள். அந்தப் பல்லுக்குள் இனி உயிர் இல்லை, காய்ந்த குச்சி மாதிரி ஒடிந்துவிடும், மேலே ஒரு கேப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அப்போதே அந்த டாக்டர் சொன்னார். "வலி போயிடுச்சு, அப்புறம் தொப்பி எதுக்கு?" என்று எழுந்து வந்துவிட்டார் மாஸ்டர். ஒருநாள் மத்தியானம் தையல் மெஷின்முன் உட்கார்ந்து நிலக்கடலை மென்றுகொண்டிருந்தபோது அந்தப் பல் ஓரமாகப் பிளந்தது. உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர், வலிக்கவில்லையே என்றுதான் முதலில் ஆச்சரியப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி மகள் தனியாகக் கிளினிக் தொடங்கியிருந்தாள். அடுத்த தெரு முனையில், மருந்துக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. பெயிண்ட் வாசனை போகவில்லை. நோயாளி சாயும் நாற்காலியின்மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையை முழுவதும் கிழிக்க மனசில்லாமல் பாதி விட்டு வைத்திருந்தாள். அவள் தகப்பனாருக்கு இதில் சம்மதமில்லை. பெரிய டாக்டரிடம் இன்னும் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தால் என்ன கொள்ளையா போகிறது என்று வீட்டில் தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர்தான் அவள் பக்கம் நின்றார். தம்பி ஒன்றைச் சொன்னால் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது அவருக்குப் பழக்கம். ஆனாலும் இந்த விஷயத்தில் பழக்கத்துக்கு மேல் கொஞ்சம் பாசமும் இருந்தது.

"என் வாயிலேயே ஆரம்பி பாப்பா. உன் கடையில மொத கேப் எனக்குத்தான்" என்று போய் உட்கார்ந்தார்.

"கடை இல்ல பெரியப்பா, கிளினிக். அப்புறம், ஆளுங்க இருக்கும்போது பாப்பான்னு கூப்பிடாதீங்க. டாக்டர் பேரு பாப்பாவான்னு நேத்து ஒருத்தர் கேக்கறாரு."

"சரிங்க டாக்டர் பாப்பா."

அவள் சிரித்துக்கொண்டே விளக்கை இழுத்து அவர் வாய்க்குமேல் நிறுத்தினாள். முன்பல்லின் நுனியில் சின்ன வெட்டு இருப்பதைப் பார்த்து, நூலைக் கடிக்கும் பழக்கத்தை உடனே கண்டுபிடித்தாள். பிறகு என்ன செய்யப்போகிறாள் என்பதைச் சொன்னாள். பல்லைப் பென்சில் சீவுவதுபோல் சுற்றிலும் இழைத்துச் சின்னதாக்க வேண்டும். பசையை ஒரு தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி அச்செடுத்து லேபுக்கு அனுப்பினால், அந்தச் சின்னப் பல்மேல் கவிழ்த்து ஒட்டுகிற மாதிரி கேப் செய்து அனுப்புவார்கள். அது வரும்வரை மேலே தற்காலிகமாக ஒன்று.

"ஓட்டுத் தையல் மாதிரி" என்றார் மாஸ்டர்.

"ஆமா. ஆனா இழைச்சது திரும்ப வளராது பெரியப்பா. அதை முன்னாடியே சொல்லிடணும்."

"துணி மட்டும் வளருதா? வெட்டினா வெட்டினதுதான்."

ஊசி போட்டாள். மரத்துப்போன தாடையில் மெஷின் சத்தம் மட்டும் தலைக்குள் சுற்றியது, தண்ணீர் பீய்ச்சியது, எரிந்த நகம்போல் ஒரு வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவள் கையின் அசைவைக் கவனித்தார். தடுமாறாத கை. அவசரப்படாத கை. வெட்டுமேஜையில் நிற்கத் தகுந்தது என்று நினைத்தார். அவர் யாரையும் அவ்வளவு எளிதில் அப்படி நினைப்பவர் இல்லை.

கேப் வந்த அன்று தம்பியும் கிளினிக்குக்கு வந்துவிட்டார். மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்ததாகக் காரணம் சொன்னார். டப்பாவை மேஜையில் வைத்த பிறகும் போகாமல் கதவில் சாய்ந்து நின்றார்.

தற்காலிகக் கேப்பைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தி, நீல நிறத்தில் மெல்லிய தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவே வைத்து அவள் கடிக்கச் சொன்னாள். கேப் எந்த இடத்தில் உயரமாக இருக்கிறதோ அந்த இடத்தில் நீலப் புள்ளி விழும். அதைத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். கடித்தார். மற்றப் பற்கள் சேருவதற்கு முன்பே அந்த ஒரு பல் இடித்தது.

"உயரமா தெரியுதா பெரியப்பா?"

"லேசா."

தேய்த்தாள். கடித்தார். இன்னும் இடித்தது. மறுபடியும் தேய்த்தாள்.

"என்னம்மா இது, உங்க பெரியப்பன் கடையா? பிரிச்சுத் தைச்சுப் பிரிச்சுத் தைச்சு" என்றார் தம்பி கதவிலிருந்து. "பெரிய டாக்டர் ஒரே தடவையில வெச்சு அனுப்பிடுவாரே. நான் சொன்னா யார் கேக்கறா."

முகமூடியின் நாடா மாட்டியிருந்த அவள் காது சிவந்ததை மாஸ்டர் கீழிருந்து பார்த்தார். தாளை மறுபடி வைத்தாள். கடித்தார். முன்னைவிடக் குறைவுதான், ஆனாலும் பல்லிடுக்கில் ஓர் அரிசி மாட்டிக்கொண்டதுபோல் அந்த இடம்தான் முதலில் தொட்டது. ஊசி போடாத நாள் அது. அந்தப் பல்லில் உயிர் இல்லாவிட்டாலும் எதிர்ப்பல்லுக்கும் தாடைக்கும் நன்றாகவே தெரிந்தது.

"இப்போ?"

"கச்சிதமா இருக்கு" என்றார்.

அவள் விளக்கைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். "இன்னும் ஒரு புள்ளி தெரியுதே."

"எச்சில் பட்டு ஊறியிருக்கும் பாப்பா. எனக்குத் தெரியாதா? அளவு பாத்தே தலை நரைச்சவன் நான். கச்சிதம்னா கச்சிதம்." பிறகு கதவுப் பக்கம் கண்ணை ஓட்டிக்கொண்டு சேர்த்தார்: "இப்படி ஒரு பிட்டிங்கை நான்கூடக் கொடுத்ததில்ல."

தம்பி படியிறங்கிப் போனார். அவள் சிமெண்ட் குழைத்துக் கேப்பை ஒட்டினாள். முகமூடியைக் கழற்றியபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றே மாஸ்டர் நினைத்தார். இரவுச் சாப்பாடுவரை அந்த எண்ணம் தாங்கியது.

அதன்பிறகு அவர் ஒரு பக்கமாக மட்டும் மெல்லப் பழகினார். காலையில் எழுந்தால் தாடை கெட்டித்திருக்கும். காதுக்கு முன்னால் ஒரு நோவு. ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துச் சாப்பிட ஆரம்பித்ததைப் பார்த்து மனைவி, "புதுப் பல்லு கட்டினதே மெல்லத்தான். நீங்க என்ன அதை அலமாரியில வெச்சுப் பூட்டற மாதிரி பாதுகாக்கறீங்க?" என்றாள். பழகிவிடும் என்றார். அவ்வப்போது தம்பி மகள் போனில் விசாரிப்பாள். "அது இருக்கறதே தெரியல" என்பார். முதல் பொய்யைக் காப்பாற்ற அடுத்ததைச் சொல்வதில் அவருக்குப் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. ஒவ்வொன்றையும் அவர் அவளுக்குச் செய்யும் உபகாரமாகவே எண்ணினார். போய்ச் சொன்னால் அவள் வருத்தப்படுவாள், தம்பி காதுக்குப் போகும், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்பார்கள். அந்தக் கேள்வி அவருக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தவரே அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பெரியம்மாவைப் பார்க்க வந்தாள். வழக்கமாக வந்ததும் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பவள், அன்று சமையலறை வாசலில் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

"பெரிய டாக்டர்கிட்டயே திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன் பெரியம்மா."

"ஏன்டி, இன்னும் பெயிண்ட் வாசனையே போகலையே?"

"கேப் போட்டவங்க ஒவ்வொருத்தரா திரும்பி வர்றாங்க. உயரமா இருக்கு, கடிச்சா வலிக்குதுங்கறாங்க. நேத்து வந்த டீச்சருக்கு எதிர்ப்பல்லே விரிசல் விட்டிருக்கு."

"அந்தக் கேப்பை நீயா செய்யற? எங்கேயோ செஞ்சுதானே வருது. அங்க பாரு முதல்ல."

"நானும் மொதல்ல லேபைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனா பெரியப்பாவோடதும் அதே லேப்தானே? ரெண்டு தடவை லேசா தேச்சதுமே எப்படி உக்காந்துச்சு. அளவு விஷயத்துல பெரியப்பாவை ஏமாத்த முடியுமா? அப்ப லேப்ல தப்பு இல்ல. என் கையிலதான் தப்பு."

மாஸ்டர் கூடத்தில் ரொட்டியைத் தேநீருக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தார். ரொட்டி நனைந்து அறுந்து உள்ளே விழுந்தது.

"உன் கையில என்ன தப்பு?" என்றார் அங்கிருந்தபடியே.

"பல்லை நான் போதுமான அளவுக்கு இழைக்கலை போல பெரியப்பா. அதான் கேப்புக்கு இடம் பத்தாம மேல தூக்கிக்குது. இப்பல்லாம் எல்லாருக்கும் கொஞ்சம் அதிகமாவே இழைக்கறேன். அப்பவும் உயரமாத்தான் வருது."

"கொஞ்சம் அதிகமான்னா..."

"நல்ல பல்லுதான். என்ன பண்றது? போனது போனதுதான்." முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிட்டேன். நான் அன்னிக்கே சொன்னேனேன்னாரு. அறையைக் காலி பண்றதா கட்டட ஓனர்கிட்ட சொல்லணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தது. "சாப்பிட்டுட்டுப் போ பாப்பா" என்ற வார்த்தைதான் வெளியே வந்தது.

அவள் போனபிறகு மனைவி தேநீர்க் குவளையை எடுக்க வந்தாள். உள்ளே கரைந்து கிடந்த ரொட்டியைப் பார்த்தாள்; அவர் இத்தனை நாள் மெல்லாமல் விட்ட பக்கத்துக் கன்னத்தைப் பார்த்தாள்.

"உங்க வாயில பல்லு மட்டும்தான் இருக்கா, நாக்குன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவர் செய்ததன் அளவு அவருக்கு அதன்பிறகுதான் பிடிபட்டது. அவள் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டதாக நினைத்திருந்தார். உண்மையில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டியிருக்கக்கூடிய முதல் அடையாளத்தை அவர் அழித்துவிட்டார். அடையாளம் போனதும் தப்பு இடம் மாறி அவள் கைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. தடுமாறாத கை என்று அவரே கண்ணை மூடிக்கொண்டு நினைத்த கை. அந்தக் கை இப்போது முகம் தெரியாத யார் யாருடைய நல்ல பல்லையோ தேவைக்கு மேல் இழைத்துக்கொண்டிருக்கிறது. பிரித்துத் தைக்க முடியாத வேலை.

மறுநாள் காலை கோட்டு ட்ரையலுக்கு ஒருவர் வந்தார். போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றார். கையைத் தூக்கினார், குனிந்தார், ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தார். "சரியா இருக்கு மாஸ்டர்" என்றார்.

மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சை விடுங்க."

"என்ன மாஸ்டர்?"

"இழுத்துப் பிடிச்சிருக்கீங்களே, அந்த மூச்சை."

அவர் விட்டார். வயிற்றுப் பக்கத்துப் பட்டன் விண்ணென்று இழுத்துக்கொண்டது. இரண்டு பேரும் கண்ணாடியில் அதைப் பார்த்தார்கள்.

"நீங்க ஏற்கெனவே ஒரு தடவை பிரிச்சுத் தைச்சுட்டீங்க" என்றார் அந்த மனிதர் வெட்கத்தோடு. "திரும்பவும் எப்படிச் சொல்றதுன்னு சங்கடமா இருந்துச்சு. வீட்டுக்குப் போய் பட்டன் போடாம விட்டுக்கலாம்னு பாத்தேன்."

பூட்டும் சாவியுமாக மாஸ்டர் வழக்கமாகச் சொல்லும் வசனம் இந்த இடத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சோக்குக்கட்டியால் துணியில் அடையாளமிட்டார். கோட்டைக் கழற்றி வாங்கி மடித்து வைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அடுத்த தெரு முனைக்கு நடந்தார். நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

கிளினிக்கில் அவள் தனியாக இருந்தாள். ஓர் அட்டைப்பெட்டியில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பெரியப்பா, கடை நேரத்துல?"

அவர் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டார். கிழிக்காமல் விட்டிருந்த பிளாஸ்டிக் உறை முதுகுக்குக் கீழே சலசலத்தது. "அந்த நீலத் தாளை எடும்மா" என்றார்.

"வலிக்குதா?"

"எடு. சொல்றேன்."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தாளை வைத்தாள். அவர் முழு பலத்தோடு கடித்தார். இத்தனை நாளில் அந்தப் பக்கம் முழுதாகக் கடித்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தாளை எடுத்துவிட்டு விளக்கைக் கீழே இழுத்தாள். பார்த்தாள். பஞ்சால் துடைத்துவிட்டு இன்னொரு தாளை வைத்துக் கடிக்கச் சொன்னாள். மறுபடி பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"போட்ட அன்னிலேர்ந்து."

அவள் தாளைத் தட்டில் வைத்தாள்.

"அன்னிக்குப் புள்ளி இருந்துச்சு" என்றாள். "நான் பார்த்தேன். நீங்கதான் எச்சில்னீங்க."

"ஆமா."

"வேற யாராவது சொல்லியிருந்தா தாளைத்தான் நம்பியிருப்பேன்."

"உங்கப்பன் கதவுகிட்ட நின்னுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர், அது சரியில்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். "அவன்மேல பழி போடக் கூடாது. நான்தான் சொன்னேன். நான் சொல்லியிருக்கக் கூடாது."

"டீச்சருக்கு எதிர்ப்பல்லு போயிடுச்சு பெரியப்பா. எத்தனை பேர் பல்லை நான்..." முடிக்கவில்லை. கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அவள் அழுகிறாளா, ஆத்திரத்தை அடக்குகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய்த் தோளைத் தொடலாமா என்று யோசித்தார். அதற்கான உரிமை இன்றைக்கு இருக்கிறதா என்ற சந்தேகத்தில் நாற்காலியிலேயே கிடந்தார்.

அவள் போனை எடுத்து லேபைக் கூப்பிட்டாள். குரலில் நடுக்கம் இல்லை. "நீங்க அனுப்பற கேப் எல்லாமே உயரமா வருது. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாமே. மொத கேப்பிலேர்ந்து. நான் பல்லை அதிகமா இழைச்சாலும் அதே உயரம்தான். நீங்க அச்சு வார்க்கற இடத்துலயோ மேல்தாடை கீழ்த்தாடை சேக்கற இடத்துலயோ என்னமோ தப்பு இருக்கு. நாளைக்கு நானே வந்து பாக்கறேன். அதுவரைக்கும் என்னோடது எதையும் செய்யாதீங்க." எதிர்ப்பக்கம் ஏதோ மறுத்துச் சொல்வது கேட்டது. "இல்ல, இப்ப எனக்கு உறுதியா தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அட்டைப்பெட்டியை அவள் பிரிக்கவும் இல்லை, மேற்கொண்டு அடுக்கவும் இல்லை. காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, புதிய கையுறை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"வாயைத் திறங்க."

பெரியப்பா என்ற சொல் அதில் இல்லை என்பதை அவர் கவனித்தார். திறந்தார். மெஷின் கீச்சென்று சுற்றியது. நிறுத்தி, தாளை வைத்தாள்.

"இப்போ?"

பரவாயில்லை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும், இந்த அறையிலிருந்து எழுந்துபோக வேண்டும் என்றுதான் உடம்பு முழுக்கச் சொன்னது. அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு மெதுவாகக் கடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஓர் இழை இருக்கு. உள்பக்கம், நாக்கு ஓரத்துல."

தேய்த்தாள். மறுபடி கேட்டாள். தாடையை இடப்பக்கமும் வலப்பக்கமும் நகர்த்திப் பார்த்து, பக்கவாட்டில் அரைக்கும்போது மட்டும் உரசுகிறது என்றார். அதையும் தேய்த்து, ரப்பர் சக்கரம் வைத்து வழவழப்பாக்கினாள். அவர் வாயை மூடினார். இரண்டு பக்கப் பற்களும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. எதுவும் முதலில் இடிக்கவில்லை. பட்டனுக்கு ஏற்ற துளை மாதிரி இருந்தது. தாடை அத்தனை நாள் பிடித்து வைத்திருந்த இறுக்கத்தை மெல்ல விட்டது. இன்னொரு தடவை கடித்து உறுதி செய்துகொண்டார்.

"இப்ப சரியா இருக்கும்மா" என்றார். இந்தத் தடவை அது உண்மை.

அவள் தலையை ஆட்டவில்லை. தட்டில் இருந்த நீலத் தாளில் இன்னொரு துண்டைக் கிழித்தாள்.

"கடிங்க" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார்.